குளிர் நிலத்துத் தோட்டத்தில் வாழை

வாழையை வெப்ப நிலத்துப் பயிராகவே நாம் அறிவோம். ஆற்றுநீர் பாயும் வயலும் ஆண்டு முழுவதும் காயும் வெயிலும் இருந்தால்தான் அது செழிக்கும் என்பது நம் பொதுவான எண்ணம். உணவுக்காகப் பயிரிடப்படும் பூவன், ரஸ்தாளி, நேந்திரன் முதலிய வகைகளைப் பொறுத்தவரை இது சரியே. ஆயினும், உறைபனியைத் தாங்கி உயிர் பிழைக்கும் இனங்களும் வாழைக் குடும்பத்தில் உள்ளன. இவற்றின் பழம் உண்ணத் தக்கதன்று. விரிந்த பேரிலைகளின் அழகுக்காகவே இவை வளர்க்கப்படுகின்றன.

இங்கிலாந்தின் தென்பகுதியில், கிழக்கு சசெக்ஸ் மாவட்டத்தில் 'கிரேட் டிக்ஸ்டர்' என்னும் புகழ்பெற்ற தோட்டம் இருக்கிறது. புது டெல்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் எட்வின் லட்யென்ஸ் அங்கே ஒரு ரோஜாத் தோட்டத்தையும் அமைத்திருந்தார். தோட்டக்கலை எழுத்தாளரும் அத்தோட்டத்தின் உரிமையாளருமான கிறிஸ்டோபர் லாய்ட் 1993ஆம் ஆண்டில் அந்த ரோஜாச் செடிகளை அகற்றிவிட்டு, அதே இடத்தில் பெரிய இலைகளும் அடர்ந்த வண்ணங்களும் கொண்ட வெப்ப மண்டலத் தோற்றமுடைய தோட்டம் ஒன்றை உருவாக்கினார். அதன் சிறப்புகளுள் ஒன்று வாழை. குளிர்காலம் நெருங்கும்போது, உலர்ந்த பெரணி இலைகளால் வாழைத் தண்டுகளைப் பொதிந்து, நட்ட இடத்திலேயே பாதுகாக்கும் வழக்கம் அங்கே உண்டு. கோடையில் அவை மீண்டும் தழைத்து நிற்கின்றன.

இது எவ்வாறு இயல்கிறது? சிம்லா, டார்ஜிலிங், உதகமண்டலம் போன்ற மலை நகரங்களில் வீடும் சிறு தோட்டமும் உடைய நம் வாசகர்கள் இதனை மேற்கொள்ள முடியுமா? குளிரில் செடியின் எந்தப் பகுதியைக் காப்பாற்ற வேண்டும், எந்தப் பகுதியை இழக்கலாம் என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டால் இது இயலும். அந்த அறிவையும், அதனைச் சார்ந்த பராமரிப்பு முறைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

வாழையின் உயிர் எங்கே இருக்கிறது?

நாம் வாழைமரம் என்று அழைப்பது உண்மையில் மரமன்று. நிமிர்ந்து நிற்கும் 'தண்டு' என்பது ஒன்றையொன்று இறுகச் சுற்றிய இலை மட்டைகளின் தொகுப்பே. செடியின் உண்மையான தண்டு, மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான். புதிய இலைகளைத் தோற்றுவிக்கும் வளர்முனை, செடி பூக்கும் பருவத்தை அடையும் வரை, தரைமட்டத்தை ஒட்டிய கிழங்கின் உச்சியிலேயே தங்கியிருக்கிறது. அங்கே உருவாகும் ஒவ்வோர் இலையும் மட்டைகளின் நடுவே குருத்தாக மேலெழுந்து, வெளியே வந்து விரிகிறது. பூக்கும் காலத்தில்தான் பூங்காம்பு கிழங்கிலிருந்து புறப்பட்டு மட்டைகளின் ஊடே உயர்கிறது. பூத்துக் காய்த்த தண்டு மடிய, அதன் பக்கத்தில் முளைத்த கன்றுகள் குடும்பத்தைத் தொடர்கின்றன. 'வாழையடி வாழை' என்று நம் முன்னோர் வாழ்த்தியது இதனைக் கண்டுதான்.

பூக்காத வாழையின் தண்டைப் பாதியில் வெட்டினாலும், சில நாள்களில் வெட்டுவாயின் நடுவிலிருந்து புதுக்குருத்து எழுவதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். குளிர் நிலத்து வாழை வளர்ப்பு முழுவதும் இந்த ஓர் இயல்பையே நம்பியிருக்கிறது. முதல் உறைபனியில் இலைகள் கருகும். குளிர் மிகுந்தால் தண்டும் அழுகும். எனினும் கிழங்கு நலமாக இருந்தால் செடி பிழைத்துவிடும். வங்கியில் இட்ட முதலுடன் இதனை ஒப்பிடலாம். இலைகள் ஆண்டுதோறும் வந்து போகும் வட்டி, கிழங்கே முதல். வட்டியை ஓராண்டு இழந்தாலும் முதல் இருந்தால் மறுபடி ஈட்டலாம்.

மண்ணும் இங்கே நமக்குத் துணை நிற்கிறது. காற்று விரைவில் குளிர்ந்துவிடும். மண் மெதுவாகவே குளிரும். மேலே உறைபனி படர்ந்த இரவிலும், ஒரு சாண் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலேயே இருப்பது பெரும்பாலான மலை நகரங்களில் இயல்பு. அந்த மண்ணின் மேல் வைக்கோலோ சருகோ பரப்பினால், பாதுகாப்பு இன்னும் கூடுகிறது.

எந்த இனத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

குளிர் தாங்கும் வாழைகளுள் முதலிடம் பெறுவது 'மூசா பாஸ்ஜூ'. ஜப்பானிய வாழை என்று இதனை அழைத்தாலும் இதன் தாயகம் தென் சீனம். வாழையைக் குறிக்கும் 'பாஷோ' என்னும் ஜப்பானியச் சொல்லே இதன் பெயரில் நிலைத்தது. ஜப்பானின் பெருங்கவிஞர் மாட்சுவோ பாஷோ தம் புனைபெயரைப் பெற்றதும் இச்செடியிடமிருந்துதான். 1681ஆம் ஆண்டில் சீடர் ஒருவர் அளித்த வாழைக்கன்று அவருடைய குடிலின் அருகே நடப்பட்டது. அக்குடிலுக்கும் பிறகு கவிஞருக்கும் அதுவே பெயராயிற்று. பாஸ்ஜூ வாழை குளிர் நாடுகளில் பொதுவாக 2.5 மீட்டர் முதல் 4 மீட்டர் வரை உயரும். இலைகள் 2 மீட்டர் நீளம் வரை வளரக்கூடும். நன்கு மூடாக்கிட்ட கிழங்கு, வெளிக்காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் இரவுகளையும் தாங்கும்.

இரண்டாவது, நம் நாட்டுக்கே உரிய 'மூசா சிக்கிமென்சிஸ்'. சிக்கிம், டார்ஜிலிங், பூட்டான் உள்ளிட்ட கிழக்கு இமயப் பகுதிகளின் சரிவுகளில் இயற்கையாக வளர்வது. 1878ஆம் ஆண்டில் தாவரவியலாளர் சல்பீஸ் குர்ஸ் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். மேலைநாட்டு நாற்றுப் பண்ணைகளில் 'டார்ஜிலிங் வாழை' என்ற பெயரில் விற்கப்படுகிறது. தண்டிலும் இலையின் அடிப்புறத்திலும் செம்மை படர்ந்திருப்பது இதன் தனி அழகு. தண்டு பருமனானது, காற்றை ஓரளவு நன்றாகவே எதிர்த்து நிற்கும். குளிரைத் தாங்கும் ஆற்றலில் பாஸ்ஜூவுக்கு ஒரு படி கீழே இதனை வைக்கலாம்.

மூன்றாவது, சீனத்தின் யுன்னான் பகுதியைச் சேர்ந்த 'மூசெல்லா லேசியோகார்ப்பா'. குட்டையானது, தாமரையைப் போன்று மஞ்சள் மடல்கள் அடுக்கடுக்காக விரியும் பூவுக்குப் பெயர் பெற்றது. சிறிய தோட்டத்திற்கும் பெரிய தொட்டிக்கும் ஏற்றது.

செந்நிற இலைகளால் கண்ணைக் கவரும் எத்தியோப்பிய வாழையை, அதாவது 'என்செட்டி' வகையை, இவற்றுடன் குழப்பிக்கொள்ளலாகாது. அது உறைபனியைத் தாங்காது. பக்கக் கன்றுகளையும் பொதுவாக ஈன்றெடுப்பதில்லை. ஆகவே தாய்ச்செடி மடிந்தால் அத்துடன் எல்லாம் முடிந்தது. அதனைத் தொட்டியில் வளர்த்துக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவருவதே முறை. கன்று வாங்கும்போது இனத்தின் பெயரை உறுதிசெய்துகொள்வது இதனாலேயே இன்றியமையாததாகிறது.

இடம் தேர்தல்

இடத்தேர்வில் நான்கு செய்திகளைக் கருத வேண்டும்.

முதலாவது, வெயில். நாளின் பெரும்பகுதி வெயில் படும் இடம் வேண்டும். நம் நாட்டிலும் பிற வடகோள நாடுகளிலும் தெற்கு நோக்கிய சுவரின் அருகே நடுவது சிறந்தது. பகலில் சுவர் ஏற்கும் வெப்பம் இரவில் செடிக்குக் கிடைக்கும்.

இரண்டாவது, காற்று. வாழையிலை நரம்புகளின் போக்கில் எளிதில் கிழியக்கூடியது. கிழிந்த இலையால் செடி சாவதில்லை. காற்றின் அழுத்தம் குறைந்து தண்டு முறியாமல் நிற்கவும் அது உதவுகிறது. ஆனால் இலையின் அழகுக்காகவே வளர்க்கப்படும் செடியில் கந்தலான இலைகள் நம் நோக்கத்தையே கெடுத்துவிடும். ஆகவே சுவரோ, உயிர்வேலியோ, உயர்ந்த புதர்களோ காற்றைத் தடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, குளிர்காற்று தேங்கும் பள்ளங்கள். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவின் வழியே நீரைப் போல இறங்கித் தாழ்ந்த இடத்தில் தங்கும். உதகையில் புல்வெளிப் பள்ளங்கள் வெண்பனி போர்த்திருக்கும் அதே காலையில், சற்று மேலேயுள்ள சரிவுகளில் பனியின் சுவடே இல்லாதிருப்பதைக் காணலாம். தோட்டத்தின் அடிப்பள்ளத்தைத் தவிர்த்து, சரிவின் நடுப்பகுதியில் நடுவதால் மட்டுமே பல இரவுகளின் சேதத்தைத் தவிர்க்கலாம்.

நான்காவது, வடிகால். கோடையில் வாழை மிகுந்த நீரை விரும்பும். குளிர்காலத்தில் அதே நீர் பகையாகிவிடும். வளர்ச்சி நின்றுபோன கிழங்கு, குளிர்ந்த ஈரமண்ணில் வாரக்கணக்கில் கிடந்தால் அழுகும். மூடாக்கிட்டும் வாழை மடிந்துவிட்டது என்று வருந்துவோர் பலருடைய தோட்டங்களில் குற்றவாளி குளிர் அன்று, தேங்கிய நீரே. களிமண் நிலமாயின், மணலும் மக்கிய எருவும் கலந்து ஒரு சாண் உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைத்து நடுதல் நலம்.

நடவும் கோடைக்காலப் பராமரிப்பும்

உறைபனிக் காலம் முற்றிலும் முடிந்த பின்னரே நட வேண்டும். ஆண்டின் முற்பகுதியில் நடப்படும் கன்று, அடுத்த குளிர்காலத்திற்குள் பருத்த கிழங்கை உருவாக்கிக்கொள்ளும். மழைக்காலத்தின் இறுதியில் நடப்படும் சிறு கன்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே காலம் கடந்து வாங்கிய கன்றை முதல் குளிர்காலம் முழுவதும் தொட்டியிலேயே வைத்து, வெளிச்சமுள்ள அறையில் காத்து, அடுத்த வசந்தத்தில் நடுவதே அறிவுடைமை.

ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள குழி எடுத்து, மண்ணுடன் தாராளமாக மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்ப வேண்டும். தொட்டியில் இருந்த ஆழத்தைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாகப் பதித்து நட்டால் கிழங்குக்குக் குளிரிலிருந்து மேலும் பாதுகாப்புக் கிடைக்கும். செடிக்குச் செடி 1.5 முதல் 2 மீட்டர் இடைவெளி போதுமானது.

வெப்பம் கூடிய மாதங்களில் வாழை பெரும்பசி உடையது. மண் காயாதவாறு நீர் விடவும், மாதம் ஒருமுறை எருவிடவும் வேண்டும். ஆனால் கோடையின் பிற்பகுதியில் தழைச்சத்து உரத்தை நிறுத்திவிட வேண்டும். பிந்திய தழைச்சத்தால் எழும் மென்மையான திசுக்கள் முதல் குளிரிலேயே நைந்துபோகும்.

பக்கக் கன்றுகளில் குறுகிய இலையுடன் வாள் போல் எழுபவை வலிமையானவை. தாய்க்கிழங்குடன் நல்ல பிணைப்பு உடையவை. அகன்ற இலையுடன் தொடக்கத்திலேயே விரியும் நீர்க்கன்றுகள் வலுவற்றவை. தோப்பாக நிற்கும் தோற்றம் வேண்டுமெனில் மூன்று நான்கு கன்றுகளை விட்டுவைக்கலாம். ஒரே தண்டு உயர்ந்து நிற்க வேண்டுமெனில் மற்றவற்றை நீக்கலாம். நீக்கிய கன்றுகளை வேருடன் பிரித்துத் தொட்டியில் வளர்த்தால் அவை சேமக் கன்றுகளாகும். எதிர்பாராத கடுங்குளிரில் தாய்ச்செடி மடிந்தாலும் கையிருப்பில் ஒரு கன்று இருக்கும்.

குளிர்காலப் பாதுகாப்பு

முதல் உறைபனி இலைகளைக் கருக்கும் வரை காத்திருந்து, அதன் பின்னரே மூடுவது நன்று. இலைகள் பசுமையாக இருக்கும் வரை அவை கிழங்குக்கு உணவு தேடித் தருகின்றன. மேலும், வெதுவெதுப்பான நாள்களில் முன்கூட்டியே மூடினால் உள்ளே புழுக்கம் மிகுந்து தண்டு அழுகும்.

பாதுகாப்பு இரு வகைப்படும். கிழங்கை மட்டும் காப்பது எளிய வகை. கருகிய தண்டைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வெட்டி, அடியைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்திற்கு, 20 முதல் 30 சென்டிமீட்டர் கனத்தில் வைக்கோலோ உலர்ந்த சருகோ பரப்பினால் போதும். அடுத்த கோடையில் செடி தரையிலிருந்து மீண்டும் எழும். உயரம் சற்றுக் குறைவாக இருக்கும்.

தண்டையும் சேர்த்துக் காப்பது இரண்டாவது வகை. இலைகளை மட்டும் நீக்கிவிட்டு, தண்டைச் சுற்றிக் கம்பி வலையால் கூண்டு அமைத்து, இடைவெளியில் உலர்ந்த வைக்கோலையோ பெரணி இலைகளையோ நிரப்ப வேண்டும். மழைநீர் உள்ளே இறங்காதவாறு உச்சியில் ஓடு அல்லது தகரத்தால் மூடியிட வேண்டும். பக்கங்கள் காற்றோட்டமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றும் தவற்றைப் பலர் செய்கிறார்கள். உள்ளே ஈரம் வியர்த்துத் தேங்கி, குளிர் செய்யாத கேட்டை அது செய்துவிடும். இவ்வாறு காக்கப்பட்ட தண்டு அடுத்த ஆண்டு பழைய உயரத்திலிருந்தே வளரத் தொடங்குவதால், செடி ஓங்கி வளரும். பூக்கும் வாய்ப்பும் கூடும்.

கடும்பனி கடந்த பின், வசந்தத்தில் மூடாக்கைப் படிப்படியாக விலக்க வேண்டும். தண்டின் நுனி கருத்து நைந்திருந்தால், கூரிய கத்தியால் மேலிருந்து சிறிது சிறிதாக வெட்டி, வெண்மையான உறுதியான சதை தென்படும் இடத்தில் நிறுத்த வேண்டும். நடுவிலிருந்து குருத்து எழும். எழாவிட்டாலும் கிழங்கைத் தோண்டி எறிந்துவிட வேண்டாம். மண் வெப்பமடைந்த பிறகு, கோடையின் நடுவில்கூடப் பக்கத்திலிருந்து கன்று முளைப்பது உண்டு. பொறுமையின்றித் தோண்டப்பட்ட வாழைகள் பல, இன்னும் சில வாரம் விட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

நம் மலை நகரங்களில்

மேற்கண்ட முறைகள் இங்கிலாந்தைப் போன்ற ஈரக்குளிர் நாடுகளில் தேர்ந்தவை. நம் மலைகளின் இயல்புக்கேற்ப இவற்றைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லாவில் குளிர்காலத்தில் பனிப்பொழிவு உண்டு. அங்கே இரண்டாம் வகைப் பாதுகாப்பு தேவைப்படும். ஏப்ரல் மாத ஆலங்கட்டி மழை விரிந்த இலைகளைச் சிதைக்கக்கூடும். ஆப்பிள் தோட்டங்களில் கட்டும் வலையை வாழைக்கும் கட்டலாம். மழைக்காலத்திற்கு முந்தைய வறண்ட மாதங்களில் நீர் பாய்ச்சுவது இன்றியமையாதது.

டார்ஜிலிங், காங்டாக் பகுதிகளில் சிக்கிம் வாழை தன் தாயகத்திலேயே நிற்கிறது. அங்கே மூடாக்கைவிட வடிகாலுக்கே முதன்மை தர வேண்டும். காட்டிலிருந்து கன்றுகளைப் பெயர்த்து வருவதைத் தவிர்த்து, நாற்றுப் பண்ணைகளிலிருந்து பெறுவதே முறை. விதையிலிருந்தும் வளர்க்கலாம். விதைகளை ஓரிரு நாள் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். அவை சீராக முளைப்பதில்லை, சில மாதங்களும் ஆகலாம்.

உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் நீண்ட உறைகுளிர் இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்த சில இரவுகளில் மட்டும் உறைபனி விழும். பகலில் வெயில் காயும். கூண்டும் வைக்கோலும் அங்கே மிகை. அடியில் மூடாக்கு, இளஞ்செடிக்கு இரவில் ஒரு சாக்குப் போர்வை, காலையில் அதனை நீக்குதல் என்ற அளவே போதும்.

அழகுச் செடியும் அண்டை உழவரும்

இறுதியாக ஒரு பொறுப்பையும் நினைவூட்ட வேண்டும். பழனி மலைச் சரிவுகளில் விளையும் விருப்பாட்சி வாழையின் சுவையைத் தமிழர் அறிவர். வாழை முடிக்கொத்து நோய் என்னும் வைரஸ் நோயால் அந்த மலைவாழைச் சாகுபடி பேரிழப்புக்கு உள்ளாயிற்று. பாதிக்கப்பட்ட செடியில் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். அது குலை தள்ளுவது அரிது. இந்நோய் இரு வழிகளில் பரவுகிறது: நோயுற்ற கன்றுகளை இடம் பெயர்ப்பதாலும், வாழை அசுவினிப் பூச்சியாலும். நோயுற்ற செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை; வேருடன் அகற்றி அழிப்பதே வழி.

ஆகவே மலையில் அழகுக்காக வாழை நடும் நாம், சமவெளித் தோப்பிலிருந்தோ வழியோரத்திலிருந்தோ கிடைத்த கன்றைக் காரில் ஏற்றி வந்து நடலாகாது. நோயற்றது என்று உறுதியளிக்கும் பண்ணையிலிருந்தோ, திசு வளர்ப்பு முறையில் உருவாக்கியதையோ வாங்க வேண்டும். ஐயம் எழுந்தால், 1993ஆம் ஆண்டு முதல் திருச்சிராப்பள்ளியில் இயங்கிவரும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம், அருகிலுள்ள தோட்டக்கலை அலுவலகம் ஆகியவற்றை அணுகலாம். ஒரு வீட்டுத் தோட்டத்தின் அலட்சியம், அதே சரிவில் வாழையை நம்பி வாழும் குடும்பங்களின் ஆண்டு வருமானத்தைப் பறித்துவிடக்கூடும்.

ஆண்டுப் பணிகள் ஒரு பார்வையில்

மார்ச், ஏப்ரல்: மூடாக்கைப் படிப்படியாக விலக்குதல், நைந்த பகுதியை வெட்டுதல், பனி முற்றிலும் நின்றபின் புதிய நடவு.

மே முதல் ஜூலை வரை: நீர், எரு, தேவையற்ற கன்றுகளைப் பிரித்துத் தொட்டியில் வளர்த்தல்.

ஆகஸ்ட், செப்டம்பர்: தழைச்சத்து உரத்தை நிறுத்துதல், வடிகாலைச் சரிபார்த்தல்.

அக்டோபர், நவம்பர்: வைக்கோல், சருகு, கம்பி வலை ஆகியவற்றைச் சேகரித்தல்; முதல் உறைபனிக்குப் பின் மூடுதல்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: மூடியின் கீழ் நீர் இறங்கவில்லை என்பதைப் பார்த்தல், தொட்டிக் கன்றுகளுக்கு அளவாக நீர் விடுதல்.

இச்செடியை வளர்க்கப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒருமுறை வாங்கும் நல்ல கன்றே பின்னர் தன் கன்றுகளைத் தானே தரும். வேண்டுவன காலமறிந்த உழைப்பும், கருகிய இலைகளைக் கண்டு மனம் தளராத பொறுமையுமே. மண்ணுக்குள் கிழங்கு நலமாக இருக்கும் வரை, ஒவ்வொரு குளிர்காலத்திற்குப் பின்னும் புதிய குருத்தை நாம் எதிர்பார்க்கலாம்.